சுக்கானுக்கு யார் பாடு

கோட்டைக்குப்பத்துப் பின்வரிசையில் நாய்க்கும் பாடு உண்டு.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் விழுகிற இடம் கொஞ்சம், வலைக்காரர்கள் அதிகம். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் முதலில் வலையும் வலையும் சிக்கும், அப்புறம் ஆளும் ஆளும் சிக்கிக்கொள்வார்கள். அதனால் இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அவனுக்கு என்று எந்தக் காலத்திலேயோ பிரித்து வைத்துவிட்டார்கள். ஏரியை ஒட்டிய பின்வரிசையில் பன்னிரண்டு வீடு. நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு நாய் வந்து சேர்ந்தது. எல்லார் வீட்டிலும் தின்றது, யார் வீட்டு நாயாகவும் இல்லை. அதற்கு யார் சோறு போடுவது என்று வழக்கு வந்தபோது, இந்த ஊருக்குத் தெரிந்த தீர்ப்பு ஒன்றுதானே, அதற்கும் பாடு போட்டுவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு.

செம்மண் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். கரையில் எந்தப் படகு கிடந்தாலும் ஏறிப் பின்கோடிக்குப் போய், சுக்கான் பிடிக்கிறவன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் சுக்கான் என்றே பெயர். படகு கிளம்புகிற சத்தம் கேட்டால் முதல் ஆளாக இறங்கிவிடும். தண்ணீர் என்றால் அவ்வளவு பிரியம்.

பாடு மாறுவதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காலையில் நேற்றைய வீட்டுக்காரி அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டுக் கூட்டிப்போய், அடுத்த வீட்டுக் கொல்லையில் படகு கட்டும் கம்பில் கட்டிவிட்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டு வருவாள். அந்த வீட்டுக்காரி வந்து அவிழ்த்துவிட்டால் பாடு கைமாறியது என்று அர்த்தம். கட்டுவது ஒரு வீடு, அவிழ்ப்பது ஒரு வீடு. நான்கு வருடமாக ஒரு நாளும் பிசகியதில்லை.

மூன்றாவது வீடு செவ்வந்தியுடையது. நான்காவது மனோரமாவுடையது.

அந்த வருடப் புயலுக்கு வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்திருந்தார்கள். செவ்வந்தியின் மாமனார் மாரி, இடுப்பு விழுந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் இருப்பவர், அதைச் சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கிக்கொண்டு, "எந்தப் பேர்ல வந்தா இன்னா, அத்துக்கு நம்ம அட்ரஸ் தெரியும்" என்று விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். கடலுக்கும் போகக்கூடாது, ஏரிக்கும் போகக்கூடாது. அன்று சுக்கானின் பாடு செவ்வந்தி வீட்டில். மடவை மீன் குழம்பும் சோறும் போட்டாள்.

காற்று வருகிறதென்றால் இந்தக் கரைக்குத் தெரிந்த வேலை கட்டுவது. படகைக் கட்டுவார்கள், இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் கட்டுவார்கள், கூரை பறக்காமல் இருக்கப் பழைய வலைகளைக் கூரைமேல் விரித்து நாலு மூலையிலும் கட்டுவார்கள். செவ்வாய் சாயங்காலம் பின்வரிசை முழுக்க வலை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வீட்டையும் யாரோ மொத்தமாகப் பிடித்துக் கூடையில் போட்டு வைத்ததுபோல் இருந்தது.

புதன்கிழமை காலையில் ஏரி அசையவே இல்லை. செவ்வந்தி பாத்திரம் கழுவ இறங்கியவள், கழுவாமல் கொஞ்ச நேரம் நின்றாள். தண்ணீர் உள்வாங்கி, சேறு பளபளவென்று கிடந்தது. பூநாரைகள் ஒன்றுகூட இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்து, இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று தெரியவில்லை. எதிர்க்கரைப் பனைமரங்கள் எதன்மேலும் நிற்காமல் சும்மா நின்றன. சுக்கான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் பார்க்கிற பக்கமே பார்த்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அழகாகவும் இருந்தது.

அப்போதுதான் முன்தெருவில் ஒலிபெருக்கி அலறியது. ஊரைக் காலி பண்ணச் சொல்லி, பத்து மணிக்கு பஸ் என்றார்கள். ஒன்பதரைக்கே வந்துவிட்டது.

"ரேஷன் கார்டு, ஆதாரு, மாத்துத்துணி. அவ்ளோதான்! கட்டிலு கிட்டிலுலாம் வாணாம்!" என்று கத்திக்கொண்டே வந்தார் தலையாரி வீரராகவன். காட்டூர்க்காரர், நெல் விதைத்தவர் முகத்தில் இருக்கும் கவலை இவருக்கு எல்லாப் பருவத்திலும் இருக்கும்.

"எங்க நைனாவால உக்காரவே முடியாது சார். கட்டிலோடதான் தூக்கணும்" என்றான் செவ்வந்தியின் புருஷன் தினகரன்.

"தூக்கு. ஆனா சீக்கிரம் தூக்கு. மொத பஸ் பூடுச்சு. ரெண்டாவது பஸ், இதான் கடைசி."

"பீடி எடுத்துக்கோ செவ்வந்தி, பீடி" என்றார் மாரி கட்டிலில் இருந்தபடி.

"உசுரு போவுதுன்றாங்கோ, உனக்குப் பீடி!"

"உசுரு பூட்டா அப்பாலே பீடி எதுக்கு? இப்போதான் வேணும்."

அந்த அமளியிலும் அவள் சுக்கானை மறக்கவில்லை. அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை. மறந்திருந்தால் கூட ஒரு சாக்கு இருந்திருக்கும். அவள் ஒழுங்காக, நான்கு வருடமாகச் செய்கிற மாதிரியே, கழுத்தில் கயிற்றைப் போட்டு, நாலாவது வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கம்பில் கட்டினாள். "மனோரமா! நாயக் கட்டிட்டேன், பாத்துக்கோ!" என்று குரல் கொடுத்தாள். ஒலிபெருக்கி சத்தத்தில் பதில் வந்ததா வரவில்லையா தெரியவில்லை. உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். சுக்கான் அவளைப் பார்த்தது. "மனோரமா வருவா. எனக்கு மேல கொழம்பு வைப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

காட்டூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். போன முகூர்த்தத்தின் காகிதப் பூ மேடையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மாரியின் கட்டிலை மணமேடைமேல் வைத்தார்கள், அங்கேதான் ஒழுகவில்லை. "எனக்கு ரெண்டாங்கல்யாணம்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். புளிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு அவித்த முட்டையோடு. செவ்வந்தி பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே திரும்பினாள். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் மனோரமா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனியாக.

"நாய் எங்கடி?"

"எந்த நாயி?"

"சுக்கான்! உங்கூட்டுக் கம்புல கட்டிட்டுக் கொரல் குடுத்தேனே!"

மனோரமா கையில் இருந்த சோற்றை இலையில் போட்டாள். "நான் மொத பஸ்லியே வந்துட்டேங்கா. அத்த நீ இன்னாத்துக்கு எங்கூட்ல கட்டுன? உம்பாடுதானே?"

"செவ்வாய்க்கெழம எம்பாடு. இன்னிக்கு பொதன்."

"கூண்டு ஏத்தியாச்சேக்கா! கூண்டு ஏத்துனா பாடு நின்னுச்சு. நின்ன பாடு யார்கிட்ட நின்னுச்சோ அவங்களுதுதானே. நீ இட்டாருவேன்னு நெனச்சுகினு நான் நிம்மதியா வந்தேன்."

மனோரமா சொன்னது பொய்யில்லை. ஏரிப் பாடுகளில் அதுதான் சட்டம். புயலோ காற்றோ வந்து தொழில் நின்றால் முறையும் நின்றுவிடும்; மறுபடி வலை இறங்கும் நாளில் யார் நின்றார்களோ அவர்களிடமிருந்தே தொடங்கும். நாய்க்குப் பாடு போட்ட அன்று, சோற்றுக்கும் அதுதான் சட்டமா என்று யாரும் கேட்கவில்லை. பசிக்குக் கூண்டு ஏற்ற முடியுமா என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருத்தி தேதியை எண்ணினாள், இன்னொருத்தி பாட்டை எண்ணினாள். நடுவில் ஒரு உயிர் கம்பில் நின்றது.

"மனோரமா சொல்றது நாயம்தான்" என்று மேடைமேலிருந்து குரல் கொடுத்தார் மாரி. "கூண்டு ஏத்துனா நின்னுச்சு."

"நீ சொம்மா இரு நைனா" என்றான் தினகரன். அவன் செவ்வந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மெதுவாகக் கேட்டான். "எப்படிக் கட்டுன?"

"கம்புலதான்."

"அது தெரியுது. இறுக்கிக் கட்டுனியா, இல்ல படகுக்குக் கட்டற மாதிரி வளையம் வுட்டுக் கட்டுனியா?"

படகைக் கம்பில் இறுக்கிக் கட்ட மாட்டார்கள். கம்பைச் சுற்றிக் கயிற்றை வளையமாகத் தளர்வாக விட்டுக் கட்டுவார்கள். தண்ணீர் ஏறினால் வளையமும் கம்போடு ஏறும், இறங்கினால் இறங்கும். இறுக்கிக் கட்டிய படகு தண்ணீர் ஏறும்போது மூக்கு அமுங்கி மூழ்கிவிடும். நாய்க்கும் அதுவேதான்.

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். கயிற்றின் சொரசொரப்பு ஞாபகம் வந்தது. கம்பின் வழுவழுப்பு ஞாபகம் வந்தது. மடங்கின காதில் ஒட்டியிருந்த ஒரு செதில் கூட ஞாபகம் வந்தது. கட்டு மட்டும் வரவில்லை. அது கை செய்த வேலை. கையைக் கேட்டால் சொல்லுமா?

"தெர்லியே" என்றாள். "எனக்குத் தெர்லியே."

எழுந்து போய் வாசலில் வீரராகவனைப் பிடித்தாள். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. தெருவே தெரியவில்லை.

"சார், நான் ஒரு நடை போய்ட்டு வந்துட்றேன். ஒரு மணி நேரம்."

"எங்கம்மா போவ? ரோடு மேல தண்ணி போவுது. ஜீப்பே திரும்பி வந்துச்சு."

"நாயக் கட்டிப்போட்டு வந்துட்டேன் சார்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆளுங்கள ஏத்துன்னு சொன்னாங்க. நாயப் பத்தி எங்கிட்ட யாரும் சொல்லல. நீயும் கேக்கல."

"கேட்டிருந்தா ஏத்தியிருப்பீங்களா?"

"எனக்கே தெரியலம்மா" என்றார் அவர். "ஆனா நீ கேக்கல."

அது உண்மை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் பாடு இல்லை என்றல்லவா இருந்தாள்.

வாசல் சுவரோரம் அந்த ஊர்க்காரி ஒருத்தி, ஹேமாவதி என்று பெயர், ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம், அவளும் மண்டபத்துக்கு வந்துவிட்டாள். "நாயக் கட்டியா போட்ட?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள். "நாங்க தண்ணி வருதுன்னு தெரிஞ்சதுமே மாட்டுக் கவுத்தெல்லாம் அறுத்து வுட்டுட்டோம். ஆறு மாடு. எங்கனா மேடு பாத்துப் போய் நிக்கும். அதுங்களுக்கா தெரியாது?"

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதல்ல. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். காட்டூர்க்காரர்களுக்குப் புயல் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் அவிழ்த்துவிடு. கோட்டைக்குப்பத்துக்குப் புயல் என்றால் காற்று, காற்று என்றால் கட்டு. பிறந்ததிலிருந்து ஆசையாக வைத்திருப்பதையெல்லாம் கட்டிக் கட்டியே வளர்ந்தவள் செவ்வந்தி. அவள் உள்ளே போனாள். முட்டையைத் தின்னாமல் முந்தானையில் முடிந்து வைத்தாள்.

அன்று பிற்பகல் முழுக்க அவள் தூங்கினாளா விழித்திருந்தாளா என்று அவளுக்கே தெரியாது. தகரக் கூரைமேல் மழை ஒரே சுரத்தில் கொட்டியது. தூணில் சாய்ந்து கண்ணை மூடினால் தண்ணீர் வந்தது. வெள்ளமாக வரவில்லை, சந்தடி இல்லாமல், விருந்தாளி மாதிரி வந்தது. முகத்துவாரத்திலிருந்து மெல்ல நடந்து வந்து பின்வரிசைக் கொல்லைகளில் ஒவ்வொன்றாக நுழைந்தது. இப்போது கணுக்கால். மனோரமா வீட்டு அம்மிக்கல் மூழ்கியது. இப்போது முழங்கால். மீன்கள் அடுப்படிக்குள் போய் என்ன குழம்பு என்று பார்த்துவிட்டு வெளியே வந்தன. சுக்கான் குரைக்கவில்லை. பாடு மாறுவதற்காகக் காத்திருந்தது. அவிழ்த்துவிட இன்னொரு கை வரும் என்று அதற்கு நான்கு வருடமாகத் தெரியும். இப்போது இடுப்பு. அவள் திடுக்கிட்டு விழித்துத் தன் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்திருக்கும். மறுபடி கண்ணை மூடுவாள்.

ஒருதரம் விழித்தபோது மனோரமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, சத்தியமா எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா அவுத்து வுட்டிருப்பேன்" என்று அழுதாள். செவ்வந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. வரவில்லை.

வியாழக்கிழமை காலை மழை விட்டது. டிராக்டரில் பாதி தூரம், பிறகு முழங்கால் தண்ணீரில் நடை. மாரியை மண்டபத்திலேயே விட்டுவிட்டு தினகரனும் செவ்வந்தியும் முன்னால் நடந்தார்கள். வெயில் வந்திருந்தது. ஒன்றுமே நடக்காததுபோல் வானம் அப்படி ஒரு நீலம். ஏரி ஊருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. தெருவில் ஒரு படகு நின்றது, வாசற்படியில் நண்டு ஏறிக்கொண்டிருந்தது. வேலிமேல் யாருடைய குழந்தைச் சட்டையோ காய்ந்துகொண்டிருந்தது. காலடியில் மடவைக் குஞ்சுகள் மின்னி மின்னிப் போயின. செவ்வந்திக்கு எல்லாமே மண்டபத்துத் தூணில் சாய்ந்து பார்த்ததாகவே இருந்தது. நடக்கிறோமா, இன்னும் அங்கேதான் இருக்கிறோமா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

பின்வரிசையின் திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள். "நீ போய்ப் பாரு" என்றாள் தினகரனிடம். அவன் இரண்டு அடி வைத்தான். "இல்ல, இரு. நானே போறேன்."

மனோரமா வீட்டுச் சுவரில் ஈரக்கோடு அவள் மார் உயரத்துக்கு இருந்தது. கொல்லையில் கம்பு நின்றது. கம்பின் அடியில் ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். சேறுதான் வந்தது. நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். கயிற்று வளையம் கம்பின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து கயிறு விறைப்பாக, அடுப்படிக் கூரையின் இறவாரத்தைத் தாண்டி மேலே போனது.

குனிந்துதான் நுழையவேண்டிய தாழ்ந்த கூரை அது. மேலே பச்சைமுத்து, மனோரமாவின் புருஷன், விரித்துக் கட்டியிருந்த பழைய வலை. அந்த வலையின் கண்களில் நகங்களைக் கோத்துக்கொண்டு சுக்கான் படுத்திருந்தது. செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தாள். மடங்கின காது லேசாக அசைந்தது.

"சுக்கான்!"

அது திரும்பவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அம்மிக்கல்மேல் ஏறி எட்டிப் பிடித்தாள். நனைந்து இறுகின கழுத்துக் கட்டு விரலுக்கு அசையவில்லை. வாயால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். நாயின் கழுத்தெல்லாம் சேறு, உப்பு, கயிறு அறுத்த ரத்தம். எல்லாம் அவள் வாய்க்குள் போயிற்று. அது ஒத்துழைக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. தூக்கி இறக்கினபோது உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. முந்தானை முடிச்சை அவிழ்த்து முட்டையை நீட்டினாள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் மெல்ல நடந்துபோய், கவிழாமல் மிஞ்சியிருந்த பச்சைமுத்துவின் படகில் ஏறி, பின்கோடியில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

தினகரன் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். "வளையம் வுட்டுத்தான் கட்டியிருக்கே. அதான் மேல வந்துகீது. நல்ல கட்டு, செவ்வந்தி."

"என்னை மெச்சாத" என்றாள் அவள். "அது கை போட்ட கட்டு. எனக்குத் தெரியாது."

அதற்குள் பின்வரிசை ஒவ்வொருவராக வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் சேறு முழங்கால் அளவு கிடக்க, அதை விட்டுவிட்டு எல்லோரும் படகைச் சுற்றி நின்றார்கள். வழக்கு வைக்கிற சுகம் அப்படி. கூண்டு ஏற்றினால் நாய்ப் பாடு நிற்குமா நிற்காதா என்று பச்சைமுத்து ஆரம்பித்தான். நிற்கும் என்றார்கள் ஐந்து வீட்டுக்காரர்கள். வலைக்கு நிற்கும், வயிற்றுக்கு எப்படி நிற்கும் என்றார்கள் மற்றவர்கள். நின்றால் செவ்வந்தி மேல் தப்பு, நிற்காவிட்டால் மனோரமா மேல் தப்பு என்று கடைசியில் வந்து நின்றது. மனோரமா மறுபடியும் அழத் தொடங்கினாள்.

"உடுங்கப்பா" என்றாள் செவ்வந்தி. "பாடு யாருதா இருந்தா இன்னா? கட்டுனது என் கை. பாடுன்றதயா கட்டுனேன்? நாயத்தானே கட்டுனேன்?"

அவள் படகுப் பக்கம் திரும்பினாள்.

"இனிமே அத்துக்குப் பாடு வாணாம். எனக்குக் குடுத்துடுங்க."

"குடுக்கறதுக்கு நாங்க யாரு?" என்றான் பச்சைமுத்து. கேலியாகச் சொன்னதல்ல. படகின் பின்கோடியைக் கையால் காட்டினான். "அது ஒத்துக்கணுமே."

அது ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வைத்த சோறு படகிலேயே ஊசிப்போனது. சனிக்கிழமை மாரியைக் கட்டிலோடு கொண்டுவந்து போட்டார்கள். விஷயம் கேட்டுவிட்டு, "கோவம் இருக்காதா பின்ன? நான் எத்தினி நாளு சாப்புடாம கிடந்திருக்கேன் உங்க மேல" என்று நாயின் கட்சி சேர்ந்துகொண்டார். மனோரமா நெத்திலி வறுத்துக்கொண்டு போனாள். அதையும் காக்கைதான் தின்றது. ராத்திரியில் எங்கேயோ போய் எதையோ தின்றுவிட்டு வரும் போலிருக்கிறது. விடிந்தால் படகில் இருக்கும். யார் கையில் கயிறு தெரிந்தாலும், வலைக்கயிறாக இருந்தால்கூட, எழுந்து தண்ணீரில் இறங்கிவிடும். தண்ணீரைக் கண்டால் பயந்த நாய், இப்போது கயிற்றைக் கண்டு தண்ணீருக்குள் ஓடியது.

திங்கட்கிழமை கூண்டை இறக்கிவிட்டார்கள். ஏரி தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. காலையில் படகுகள் கிளம்பின, பாடு நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. தூரத்தில் நாலைந்து பூநாரைகள் வந்து இறங்கி, விட்ட இடத்தில் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டன. சுக்கான் இருக்கிற படகை மட்டும் பச்சைமுத்து எடுக்கவில்லை. ரிப்பேர் என்று சொல்லிவிட்டு அண்ணன் படகில் போனான். ரிப்பேர் ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

செவ்வந்தி மடவைக் குழம்பைச் சோற்றில் பிசைந்து, முள் எடுத்து, தட்டோடு வந்து படகில் ஏறினாள். பின்கோடியில் அதன் பக்கத்தில் தட்டை வைத்தாள். கூப்பிடவில்லை. மூன்று நாளாகக் கூப்பிட்டு அலுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கும் வார்த்தை தெரியவில்லை. முன்கோடிக்குப் போய், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அது முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு இருவரையும் வைத்துக்கொண்டு லேசாக ஆடியது. மனோரமா வீட்டுக் கம்பின் உச்சியில் அந்தக் கயிற்று வளையம் அப்படியே இருந்தது; யாரும் எடுக்கவில்லை.

வெயில் ஏறியது. கண் சொக்கியது. தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் எங்கோ போய்ப் போய் வந்தது.

"செவ்வந்தி!" என்று வீட்டிலிருந்து மாரி கத்தினார். "அடுப்புல இன்னாவோ தீயுது!"

அவள் எழுந்திருக்கவில்லை. பின்னால் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. ஒருதரம் நின்றது. மறுபடி நகர்ந்தது. பிறகு சோறு தின்கிற சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "தீஞ்சா தீயட்டும் மாமா" என்றாள், சத்தம் வராமல்.